அயராதவர் அயர்ந்த அந்தப் பிற்பகல்

தகுதியால் தலைமை இருக்கைக்கு வந்து, தன்மையால் அந்த இருக்கைக்கே உயரம் கூட்டி அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் பேச வந்து, எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் பேசி முடித்துவிட்ட தொழிலாளர் மன்றச் செயலாளர் அவர்களே! சக்கரத்தோடு சக்கரமாய்ச் சுழன்று, சலித்துக்கொள்ளாமல் சாலைகளை அளந்து, ஓய்வு பெற்ற பின்னும் முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தவர்களே! வண்டி பணிமனைக்குத் திரும்பும் வரை ஒரு காதை வாசலில் வைத்துவிட்டு வீட்டு வேலை பார்க்கும் தாய்மார்களே! எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு எப்போது கைதட்டலாம் என்று காத்திருக்கும் பட்டறைத் தம்பிகளே! அதோ, பின்னால் பேருந்துப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டிருக்கும் அன்பர்களே! படியில நிக்காதீங்க, உள்ள வாங்க, முன்னாடி நிறைய இடம் இருக்கு!

சிரிக்கிறீர்கள். என்ன செய்வது? பழக்கதோஷம். காலமெல்லாம் "டிக்கெட், டிக்கெட்" என்று கேட்ட வாய் இது. இந்த வாயின் முன்னால் ஒரு மைக்கை வைத்துவிட்டு, "ஐயா நடத்துநரே, உழைப்பைச் சொல்லும் சொற்கள் என்ற தலைப்பில் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார் செயலாளர். சொற்களைப் பற்றிப் பேசப் புலவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால், உழைக்கிறவனை உலகம் எந்தெந்தச் சொல்லால் கூப்பிடுகிறது என்பதைக் காது கிழியக் கேட்டவர், ஓடும் பேருந்தின் நடத்துநரை விட்டால் வேறு யார் இருக்கிறார்?

அன்பர்களே! நம் தமிழ் உழைப்புக்கு வஞ்சனை செய்த மொழியா? இல்லவே இல்லை. உழைப்பு என்றது, முயற்சி என்றது, முனைப்பு என்றது, ஊக்கம் என்றது, சுறுசுறுப்பு என்றது. உடம்பு நோகும்போது பாடுபடுகிறான் என்றது. மனம் தோயும்போது கண்ணும் கருத்துமாகச் செய்கிறான் என்றது. அள்ளி அள்ளிக் கொடுத்த மொழி!

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவனை உச்சத்தில் வைத்துப் புகழ வேண்டும் என்றால் நாம் என்ன சொல்கிறோம்? அயராத உழைப்பாளி. ஓயாத உழைப்பாளி. சளைக்காத, சலிக்காத, தளராத, சோராத உழைப்பாளி! அவன் என்ன செய்தான் என்று சொல்கிறோமா? எதைச் செய்யவில்லை என்று சொல்கிறோம். அயரவில்லை, ஓயவில்லை, உட்காரவில்லை. அதுவும் போதவில்லை என்றால், "மாடா உழைக்கிறான்யா" என்போம். "மெஷின் மாதிரி மனுஷன்யா" என்போம். மாட்டுக்குக்கூடக் கொட்டகை உண்டு. மெஷினுக்குக்கூட எண்ணெய் போடும் நேரம் உண்டு. மனுஷனுக்கு?

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ "டீ உண்டு" என்கிறார். சரியாகச் சொன்னீர்கள். அந்த டீயிலிருந்துதான் கதையே ஆரம்பம்.

நம் பணிமனையில் ஓர் ஓட்டுநர் இருக்கிறார். அவர் பெற்றோர் வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது அவருக்கே கொஞ்சம் யோசனை வருமாம். எல்லோருக்கும் அவர் இரும்பண்ணன். அண்ணே, தலையைக் குனியாதீங்க! மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒளிந்தால் எனக்குத் தெரியாதா? நிறுத்தத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கிற பயணியைக்கூடக் கண்டுபிடிக்கிற கண் இது! பக்கத்தில் அண்ணி சிரிக்கிறார்கள் பாருங்கள்.

இரும்பண்ணன் ஏன் இரும்பண்ணன் ஆனார்? யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் வண்டியை இவர் எடுப்பார். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் இவர் ஓட்டுவார். யாராவது விடுப்புக் கேட்டால், வண்டிக்கு ஆள் ஒதுக்கும் அன்றைய டைம் கீப்பர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வார்: "இரும்பைக் கேளு." இரும்பண்ணன் வந்தால் ஒரே ஒரு வாக்கியம்தான். "உங்களை விட்டா யாருண்ணே இருக்கா?"

ஆஹா! என்ன வாக்கியம் ஐயா அது! கேட்கத் தேன். ஆனால், அந்தத் தேன் தடவிய சாட்டையை முதுகில் வாங்கியவருக்குத்தான் தெரியும். திட்டி வேலை வாங்கினால் எதிர்த்துப் பேசலாம். புகழ்ந்து வேலை வாங்கினால் என்ன பேசுவது?

புகழ்ச்சி அதோடு நிற்கவில்லை. இரும்பண்ணனின் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே "அயராத உழைப்பாளி" என்று தங்க நிற எழுத்தில் எழுதி மாட்டினார்கள். எங்கே மாட்டினார்கள்? அலுவலக வாசலிலா? அரங்கத்திலா? ஓட்டுநர்களின் ஓய்வறையில், கட்டிலுக்கு மேலே மாட்டினார்கள்!

ஆமாம் அம்மா, சிரிப்பு வரத்தான் செய்யும். அவருக்கு வரவில்லை. ஒரு நாள் காலைப் பணி முடிந்து, அடுத்த வண்டிக்கு ஆள் வராததால் அதையும் இவரே எடுக்க வேண்டிய நிலைமை. முந்தின நாளும் அப்படித்தான். இடையில் கிடைத்த நேரத்தில் ஓய்வறைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். மரப்பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார்.

"ஏண்ணே, கொஞ்சம் படுக்கலாம்ல?" என்றேன்.

"அந்தப் படத்துக்குக் கீழ எப்படிப்பா படுக்கறது? யாராவது பார்த்தா என்ன நெனப்பாங்க?" என்றார்.

பார்த்தீர்களா! ஒரு சொல், ஒரு மனிதனைக் கட்டிலிலிருந்து எழுப்பிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது.

பிற்பகலில் வண்டி கிளம்பியது. நெரிசலான வண்டி. முன் இருக்கையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். அவர் பேசினால் கடைசி இருக்கை வரை கேட்கும் என்பதால் வெண்கலக் குரல்காரர் என்றே அவரை வைத்துக்கொள்வோம். அவருக்கு எதிர்ப்புறம், சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்தபடி வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகும் ஒரு பெண். அவளுக்குத் துணையாக அவள் அக்கா. நடுவில், மருத்துவமனைப் பணி முடித்துச் சீருடையோடு வீடு திரும்பும் ஒரு செவிலியர் சகோதரி. பின்னால் குழந்தைகள், கூடைகள், குடைகள்.

உங்களுக்குத் தெரியும், ஊரைத் தாண்டினால் வரும் அந்த நேர்ச்சாலை. ஓட்டுநர்களின் முதல் எதிரி வளைவு இல்லை ஐயா, நேர்ச்சாலைதான்! வளைவு எழுப்பிவிடும், நேர்ச்சாலை தாலாட்டும். உச்சி வெயில் சாய்ந்திருக்கிறது. எஞ்சின் ஒரே சுருதியில் முனகுகிறது. நான் நடுவில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று என் காலுக்குக் கீழே ஓர் உதறல். இடதுபுறச் சக்கரம் தார்ச்சாலையை விட்டு இறங்கிச் சரளைக்கல்லில் ஓடிய உதறல். மறு நொடியே வண்டி சாலைக்கு ஏறிவிட்டது. பயணிகள் யாரும் கவனிக்கவில்லை. நான் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இரும்பண்ணனின் கண்கள் என்னைப் பார்த்தன. அத்தனை வருடப் பழக்கத்தில் அந்தக் கண்களில் அச்சத்தை அன்றுதான் பார்த்தேன்.

வண்டி மெல்ல ஒதுங்கியது. சாலையோர மரங்களின் நிழலில் நின்றது. எஞ்சின் அணைந்தது. கைப்பிரேக்கை இழுக்கும் ஓசை வண்டி முழுவதும் கேட்டது. இரும்பண்ணன் இருக்கையிலிருந்து எழுந்து, பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். எனக்குக் கண் சொருகுது. இதுக்கு மேல ஒரு அடி ஓட்ட மாட்டேன். கொஞ்சம் கண்ணசந்துட்டுத்தான் எடுப்பேன்."

அடுத்த கணம் அடைமழை! சொற்களின் அடைமழை!

"என்னய்யா இது அநியாயம்?"

"தூங்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

"சோம்பேறி! உடம்பு வளையாத சோம்பேறி!"

கடைசியாகச் சொன்னது வெண்கலக் குரல். சோம்பேறி! யாரை? இரண்டு நாளாய் இரண்டு பேர் வேலையைத் தூக்கிச் சுமந்த தோளை! காலையில் அயராதவர், பிற்பகலில் சோம்பேறி. ஒரே மனிதர், ஒரே காக்கிச் சட்டை, ஒரே நாள். இடையில் நின்றது ஒரு கைப்பிரேக் மட்டும்தான். அன்றைக்கு எனக்குப் புரிந்தது அன்பர்களே: நாம் உழைப்பைப் புகழவில்லை. ஓட்டத்தைத்தான் புகழ்கிறோம். ஓடும் வரை மாலை, நின்றால் வசை.

நான் பணிமனைக்குப் பேசினேன். மாற்று ஓட்டுநர் வேண்டும் என்றேன். அந்தப் பக்கத்தில் டைம் கீப்பர் சிரிக்கிறார். "இரும்பு தூங்குதா? விளையாடாதப்பா. ஒரு டீ வாங்கிக் குடு, எல்லாம் சரியாயிரும்." வைத்துவிட்டார்.

வண்டிக்குள் கூச்சல் கூடிக்கொண்டே போனது. இரும்பண்ணன் அசையவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. ஆனால் சாவியை மட்டும் சட்டைப்பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். யாராவது கெஞ்சினால் மனம் இளகிவிடுமோ என்ற பயம் அவருக்கு.

அப்போதுதான் அந்தச் செவிலியர் சகோதரி எழுந்தார். உயரமில்லை, உரத்த குரலில்லை. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"கொஞ்சம் எல்லாரும் கேளுங்க. நானும் ஷிஃப்ட் மேல ஷிஃப்ட் பார்த்துட்டுத்தான் வர்றேன். மருந்து பாட்டில்ல பேரைப் படிக்கிறப்போ எழுத்து நெளிய ஆரம்பிச்சா, பாட்டிலைக் கீழ வெச்சுட்டுப் பக்கத்துல இருக்கறவங்களைக் கூப்பிடுவேன். அதுக்குப் பேரு சோம்பேறித்தனமா? இவர் கையில மருந்து இல்லீங்க, நம்ம எல்லார் உயிரும் இருக்கு. கண் சொருகுதுன்னு பத்திரமா இறக்கி வெச்சிருக்காரு. பாராட்ட வேண்டாம். கத்தாம இருங்க, போதும்."

சொல்லிவிட்டு நேரே பின்னால் போனார். கடைசி நீள இருக்கையில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன்பே அவர்கள் எழுந்துவிட்டார்கள். சகோதரி தன் பையிலிருந்த போர்வையை எடுத்து வெயில் விழுந்த ஜன்னலில் செருகினார்.

"வாங்கண்ணே, படுங்க."

இரும்பண்ணன் தயங்கினார். "எல்லாரும் பார்க்கிறப்போ எப்படிம்மா தூங்கறது?"

"அவங்க திரும்பிக்குவாங்க" என்றார் சகோதரி. ஐயா, நம்புவீர்களோ மாட்டீர்களோ, வண்டியே முன்பக்கம் திரும்பிக்கொண்டது!

படுக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டார். "அந்த இன்டர்வியூப் பொண்ணை முதல்ல அனுப்பி வைப்பா. அவ லேட்டாகக் கூடாது." கண் சொருகுகிற நேரத்திலும் கண்ணாடி வழியாக ஒவ்வொரு பயணியின் அவசரத்தையும் படித்து வைத்திருந்தார் அந்த மனிதர்! நான் சாலையில் இறங்கிக் கையை ஆட்டினேன். விசில் ஊதினேன். மேசை நாற்காலி ஏற்றிவந்த ஒரு வேன் நின்றது. அக்காவும் தங்கையும் புத்தம் புதிய சோபாவில் உட்கார்ந்து நேர்முகத் தேர்வுக்குப் போனார்கள்!

"வேலை கிடைத்ததா?" என்று கேட்கிறீர்களா அம்மா? கிடைக்கவில்லை. மேடை ஏறிவிட்டேன் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். சரியான நேரத்துக்குப் போனாள், நன்றாகவும் பதில் சொன்னாளாம், வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வேறு இடத்தில் கிடைத்தது. இப்போதும் நம் வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள்.

நண்பர்களே! தமிழில் ஒரு சொல் இருக்கிறது. மெனக்கெடுதல். "மெனக்கெட்டுச் செஞ்சான்" என்கிறோமே, அந்தச் சொல். வினை கெட்டு என்பதுதான் அப்படித் தேய்ந்தது என்பார்கள் தமிழ் படித்தவர்கள். தன் வினை கெட்டாலும் பரவாயில்லை என்று இன்னொன்றுக்காக நேரத்தைக் கொடுப்பது. அன்று அந்த மர நிழலில் ஒரு பேருந்தே மெனக்கெட்டது! கடைக்குப் போகிறவர் கடையை மறந்தார். கல்யாணப் பேச்சுக்குப் போகிறவர் பேச்சை நிறுத்தினார். செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். யாருடைய கைபேசியோ பாட்டுப் பாடியது; "உஷ்ஷ்!" என்று ஒரு சீறல். சீறியது யார் தெரியுமா? வெண்கலக் குரல்! அந்தக் குரலுக்கு இத்தனை தாழ்வான சுருதி உண்டு என்பது அவர் வீட்டாருக்கே தெரிந்திருக்காது.

ஒரு குழந்தை கேட்டது: "அம்மா, டிரைவர் மாமா ஏன் தூங்கறாரு?"

அந்தத் தாய் சொன்னார்: "நம்மளைப் பத்திரமா ஊருக்குக் கூட்டிட்டுப் போகத்தான்."

தாய்மார்களே, இந்தக் கைதட்டலை உங்களுக்கே திருப்பித் தருகிறேன். உழைப்புக்கு அதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

ஒரு தூக்கம் தூங்கி இரும்பண்ணன் எழுந்தார். தண்ணீர் வாங்கி முகம் கழுவினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சக்கரங்களைப் பார்த்தார். ஏறினார், எடுத்தார். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். சாலை சட்டென்று வளைந்தது. வளைவில் கால்வாய்ப் பாலம். இடுப்பளவுகூட இல்லாத கைப்பிடிச் சுவர். கீழே கரை தொட்டு ஓடும் தண்ணீர். இரும்பண்ணன் வேகத்தைக் குறைத்து, பட்டுத்துணியில் ஊசி ஏறுவது போல வண்டியை அந்தப் பாலத்தின் மேல் ஏற்றி இறக்கினார். வெண்கலக் குரல்காரர் இருக்கையிலிருந்து எழுந்து, ஜன்னல் வழியாக அந்தத் தண்ணீரைப் பார்த்தார். வண்டி தாண்டிய பிறகும் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

இதோடு முடிந்ததா? முடிய விடுவார்களா! மறு வாரம் இரும்பண்ணன் கையில் ஒரு குற்றச்சாட்டு. "பணியில் மெத்தனம்." மெத்தனமாம்! கேட்க மெத்தை மாதிரி இருக்கிறது சொல், தொட்டால் முள். வேலையே போய்விடலாம் என்று பேசிக்கொண்டார்கள். விசாரணை அறையில் அன்றைய மேலாளர். இப்போது தலைமை வகிக்கும் அம்மையார் இல்லை, அவருக்கு முன்னால் இருந்தவர். சாட்சிக்கு நான் ஒரு பக்கம். பயணிகள் தரப்பில் வெண்கலக் குரல்காரர் இன்னொரு பக்கம்.

மேலாளர் கேட்டார்: "இத்தனை வருஷம் அயராம ஓட்டினீங்களே, அன்னிக்கு என்ன ஆச்சு?"

"அன்னிக்கு அயர்ந்துட்டேங்க ஐயா."

"டியூட்டியில அயரலாமா?"

இரும்பண்ணன் நிமிர்ந்தார். "அயரவே கூடாதுன்னா மனுஷனை வேலைக்கு வெக்கக் கூடாதுங்க. நான் கடமை தவறலை. தவறிடக் கூடாதுன்னுதான் நிறுத்தினேன்."

மேலாளர் வெண்கலக் குரல்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. வண்டியில சத்தம் போட்டது நீங்கதானே?"

"நான்தான் போட்டேன்" என்றார் அவர். "ஆனா, அப்புறம் பாலத்தையும் பார்த்தேன் சார். இந்த டிரைவர் மேல நடவடிக்கை எடுக்கிறதா இருந்தா, உயிரோட வீடு போய்ச் சேர்ந்ததுக்காக எங்க எல்லார் மேலயும் எடுங்க!"

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அந்த மேலாளரையும் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனிதர். அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டார். அதோடு நிற்கவில்லை. ஒருவர் தொடர்ந்து இரண்டு வண்டி எடுக்கக் கூடாது, ஆள் இல்லை என்றால் வண்டி நிற்கட்டும் என்று உத்தரவும் போட்டார். இன்றைக்கு நம் பணிமனையில், "எனக்கு முடியலை, ஓய்வு வேணும்" என்று ஓர் ஓட்டுநர் தலை நிமிர்ந்து சொல்ல முடிகிறதே, அந்த நிமிர்வு ஒரு மர நிழலில் பிறந்தது!

வண்டி நின்ற அன்று மாலை வீட்டுக்குப் போன இரும்பண்ணன், நடந்ததை அண்ணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாராம். அண்ணி என்ன சொன்னார்கள் தெரியுமா? அண்ணி, சொல்லிடவா? சொல்லலாமாம்! "நான் உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து, இன்னிக்குத்தான் நீங்க ஒழுங்கா வேலை பார்த்திருக்கீங்க."

அன்பிற்குரிய சபையோரே! கட்டடத் தொழிலாளி தன் பிள்ளைக்கு, "இது நான் கட்டினது" என்று சுவரைத் தொட்டுக் காட்டலாம். தையற்காரர், "இது நான் தைத்தது" என்று சட்டையைக் காட்டலாம். ஓட்டுநர் எதைக் காட்டுவார்? அவர் உழைப்பெல்லாம் நடக்காமல் போனவற்றில் அல்லவா இருக்கிறது! நடக்காத விபத்து. கேட்காத அலறல். வந்து நிற்காத ஆம்புலன்ஸ். அழாத வீடுகள்! ஊர் முழுக்க, தெரு முழுக்க, விளக்கேற்றிச் சோறு போட்டுச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் அழாத வீடுகள்! அவைதான் ஐயா எங்கள் ஓட்டுநர்கள் கட்டிய மாளிகைகள்!

ஆகவே, உழைப்புக்கு ஆயிரம் சொல் இருந்தாலும், இந்தப் பணிமனைக்காக நான் ஒன்றைத்தான் எடுத்து உயர்த்திப் பிடிப்பேன்: அக்கறை! அயராமல் இருப்பது இரும்பால் முடியும். ஓயாமல் இருப்பது எந்திரத்தால் முடியும். அக்கறையாக இருப்பது மனிதனால் மட்டும்தான் முடியும். அக்கரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எஞ்சின் அல்ல, அக்கறை! ஓட வேண்டிய நேரத்தில் ஓடுவதும் அக்கறை. நிற்க வேண்டிய நேரத்தில், ஊரே திட்டினாலும், நிற்பதும் அக்கறை! அந்த அக்கறையின் அணியில் நானும் ஒருவன் என்று சொல்ல என் நெஞ்சு நிமிர்கிறது. இரும்பண்ணே, எழுந்திருங்கள். அவரைப் பாருங்கள் சபையோரே! இவர் ஓட்டிய வண்டிகளில் எத்தனையோ பேர் ஏறினார்கள். ஏறிய ஒவ்வொருவரும் தன் காலால் இறங்கி, தன் வீட்டுக்கு நடந்து போனார்கள்!

இவ்வளவு நேரம் பொறுமையோடு என்னோடு பயணம் செய்த உங்களுக்கும், பேச அழைத்த செயலாளருக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் மணியடிக்காத தலைவர் அம்மையாருக்கும், ஒலிபெருக்கித் தம்பிக்கும், நெஞ்சம் நிறைந்த நன்றி. எல்லோரும் நன்றாகத் தூங்கி, நன்றாக உழைத்து, நன்றாக வீடு சேருங்கள். வணக்கம்!